வாஸ்து பார்க்காத வீடு

என் வீட்டுக்காரர் மதிவாணனைப் பற்றி யாராவது எழுதினால் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள். மில் தொழிலாளி மகன், சொந்த உழைப்பில் மேலே வந்தவர், இந்தப் பாண்டிச்சேரியில் நாற்பது ஐம்பது வீடு கட்டிக் கொடுத்தவர் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கட்டிய ஒரு வீட்டில், எழுபது தாண்டிய ஒரு பெரியவர் சொந்தக் கக்கூசை உபயோகிக்க முடியாமல், கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனைப் பள்ளிவாசலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். அதுவும் உண்மைதான். அதை வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். வீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ, எனக்கின்னா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முதலில் ஆளைச் சொல்கிறேன். என் மாமனார் வேலை பார்த்த மில் மூடியபோது இவர் ஐ.டி.ஐ.யில் பிளான் வரையப் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை முடித்து ஓர் இன்ஜினியரிடம் வேலைக்குப் போனார். அங்கேயே கொத்தனார்களை வைத்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டு, கருவடிக்குப்பத்தில் தனியாகத் தொழில் தொடங்கினார். மகன் பெயரில் செம்மல் பில்டர்ஸ். நான் கார்குழலி. கல்யாணத்துக்கு முன் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். இப்போது செம்மல் பில்டர்ஸின் மேனேஜர், கணக்கப்பிள்ளை, போன் எடுப்பவள், கொத்தனார் வராவிட்டால் திட்டு வாங்குபவள் எல்லாம் நான்தான். சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது.

வேலையில் அவர் சுத்தம். கம்பியைக் குறைக்கமாட்டார், சிமென்ட்டில் கை வைக்கமாட்டார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு வியாதி. அடுத்தவரைப் பேசி முடிக்க விடமாட்டார். "சார், இந்த ஜன்னல் இருக்குதே..." என்று ஒருவர் ஆரம்பித்தால், "கொசுவலைதான? போட்டுடலாம்" என்பார். வந்தவர் கேட்க வந்தது வேறாக இருக்கும். ஆனால் இவர் சொல்லும் வேகத்தில், தான் கேட்க வந்ததே கொசுவலைதானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். தலையை ஆட்டிவிட்டுப் போவார். இவர் என் பக்கம் திரும்பி, "கஸ்டமர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும் குழலி" என்று மீசையைத் தடவிக்கொள்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

யாகூப் பாய் வீட்டு வேலை எங்களுக்கு வந்தது இப்படித்தான். பாய் நேரு வீதியில் சூட்கேஸ், கைப்பை விற்கும் சின்னக் கடை வைத்திருந்தவர். வீட்டம்மா பெயர் ரோஷன் பீவி. ஒரே மகன் உஸைர், பிரான்சில் வேலை. பாய்க்கு இடுப்பு எலும்பு உடைந்து தகடு வைத்திருந்தார்கள். குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. சர்க்கரை வேறு. டவுனுக்குள் இருந்த பழைய வீட்டில் மாடியில்தான் குடித்தனம், கக்கூஸ் கீழே. அப்பா அந்தப் படியில் ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், உஸைர் எங்கள் பக்கத்தில் மனை வாங்கினார். "படுக்கற ரூம்லயே அத்தாவுக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கணும்ணே. மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல" என்று போனில் சொன்னார். அந்த வீடே அந்தக் கழிவறைக்காகக் கட்டியது என்று சொன்னாலும் தப்பில்லை.

அட்வான்ஸ் வாங்கிய அன்று இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்பாடா! வாஸ்து இல்லாத வீடு!" என்று வீட்டுக்குள் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும். நாங்கள் பார்த்துப் பார்த்து ஒரு சுவர் எழுப்புவோம். வாஸ்துக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, இது இங்கே ஆகாது என்று ஒரே வார்த்தையில் இடிக்க வைப்பார். முக்கியமாகக் கக்கூஸ். அந்த மூலை ஆகாது, இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, வடக்கு தெற்காகத்தான் உட்கார வேண்டும் என்று உயிரை எடுத்துவிடுவார்கள். "பாய் வீட்ல அந்த ரோதனயே கெடயாது. காத்து வர்ற பக்கம் ஜன்னல், பைப்பு போற பக்கம் பாத்ரூம்" என்று இவர் உற்சாகமாக பிளான் போட்டு உஸைருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உஸைர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பினார். முடிந்தது கதை.

வீடு நன்றாக வந்தது. கட்டும்போது பாய் அடிக்கடி வந்து பார்ப்பார். அப்போது பாத்ரூமில் வெறும் ஓட்டைதானே இருக்கும்? உட்காரும் பீங்கானை வைப்பது கடைசியில். பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று எங்களுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரோஷன் பீவி பிரியாணியை இலையில் அள்ளி அள்ளி வைத்தார். எனக்குத் தூக்குச்சட்டியில் வேறு போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வீடு கட்டி முடித்தால் எங்களுக்கு அடுத்த வீடு. சென்ற மாதம் கட்டுமானத் தொழில் செய்பவர்களுக்கு ஓட்டலில் ஒரு கூட்டம் நடந்தது. கோட் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், வீடு என்பது நாம் விற்பது அல்ல, வாடிக்கையாளர் வாழ்வது என்று பேசினாராம். இவர் அதைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் அதே பேச்சு. "இனிமே நம்ம கம்பெனி ஃபுல்லா கஸ்டமர் ஃபோகஸ் குழலி. நாம கட்டின வீட்டுக்கெல்லாம் போறோம். அவங்க சந்தோஷத்த அவங்க வாயாலயே சொல்ல வெச்சி வீடியோ எடுக்கறோம்." சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது, பாருங்கள். முதல் வீடு யாகூப் பாய் வீடு என்பதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போனோம். பாய் வீட்டில் இல்லை. "பள்ளிவாசல் வரைக்கும் போயிருக்காரு, வந்துடுவாரு" என்றார் ரோஷன் பீவி. அது எந்தத் தொழுகைக்குமான நேரம் இல்லை. எனக்கு லேசாக உறுத்தியது. இவருக்கு அதெல்லாம் எங்கே? போனைப் பிடித்துக்கொண்டு ஹாலை அளந்துகொண்டிருந்தார். ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் நாங்கள் சுவர் வைக்கவில்லை. இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அங்கே ஒரு பழைய புடவை குறுக்கே கட்டித் தொங்கியது.

"இன்னாம்மா இது! இவ்ளோ அழகா ஓப்பன் கிச்சன் கட்டிக் குடுத்தா பொடவயக் கட்டி மறைச்சி வெச்சிருக்கீங்க? வீடியோல நல்லாருக்காது" என்று சொல்லிக்கொண்டே இவர் முடிச்சை அவிழ்த்துப் புடவையைக் கீழே போட்டுவிட்டார். வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் போகிறவன் பார்த்தால் அடுப்புவரை தெரியும். ரோஷன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பு மேடையின் ஓரத்தில் ஒண்டி நின்றார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். அப்போதே இவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்கம்மா, வீடு எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுப்பா."

"சத்தமா, கொஞ்சம் சிரிச்சிக்கினே சொல்லுங்க. சரி, மொதல்ல பாத்ரூமக் காட்டிடலாம். அதான இந்த வீட்டுக்கே முக்கியம்."

"வேணாம்ப்பா, அங்க சாமான் கெடக்குது" என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் இவர் உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பாய் கடையில் மீந்துபோன சூட்கேஸ்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை. பீங்கான்மேல் அட்டைப்பெட்டி. குழாயில் தூசி. இவர் கடகடவென்று சிரித்தார். "பாய் இன்னும் கடய விடல போலருக்குதே!"

ரோஷன் பீவி என் கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு அழைத்துப் போனார்.

"நீ பொம்பள, ஒங்கிட்ட சொல்லலாம். ஒங்க வீட்டுக்காரரு காதுல போட்டுடாத, வருத்தப்படுவாரு" என்று ஆரம்பித்தார். "நாங்க தொழுவற தெச, கிப்லா, நம்ம ஊருக்கு மேற்க இருக்குதும்மா. ஒதுங்கும்போது அந்தப் பக்கம் மொகத்தையும் காட்டக் கூடாது, முதுகையும் காட்டக் கூடாது. இங்க வெச்சிருக்கறது நேரா மேற்கப் பாத்து இருக்குது. தரையில வெச்ச கோப்பயா இருந்தா கொஞ்சம் திரும்பி உக்காந்துக்கலாம். இதுல எப்படித் திரும்பறது? நான் மாடிப்படிக்குக் கீழ வேலக்காரங்களுக்குன்னு வெச்சிருக்கறதுல போயிக்கறேன். அவரால குந்த முடியாதே! பள்ளிவாசல்ல வயசானவங்களுக்குன்னு ஒரு வெஸ்டர்ன் போட்டிருக்காங்க. அங்கதான் போயிட்டு வர்றாரு."

"குடி வந்ததுலருந்தா?"

"ஆமா. பொழுது சாஞ்சா தண்ணியே குடிக்கமாட்டேங்கறாரு. ராத்திரி எங்க போறதுன்னு. சக்கர ஒடம்பு, தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிடும்னு டாக்டர் திட்டறாரு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"குடி வந்த அன்னிக்கே சொல்ல வந்தாரும்மா. 'தம்பி, இந்த பாத்ரூம்ல...'ன்னு ஆரம்பிச்சாரு. 'ஹீட்டர்தான பாய்? பாயிண்ட் இருக்குது'ன்னு ஒங்க வீட்டுக்காரரு தோளத் தட்டிட்டுப் போயிட்டாரு. அத்தன பேரு முன்னாடி கக்கூஸ் விஷயத்த எப்படித் திரும்பப் பேசறது? அப்பறம் உஸைருக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிபோயிடுவான். அத்தாவுக்காகக் கட்டினேன், அத்தாவுக்காகக் கட்டினேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான். அவன்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு என் தலமேல கைய வெச்சி சத்தியம் வாங்கிட்டாரு."

நாங்கள் ஹாலுக்குத் திரும்பியபோது பாய் வந்துவிட்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "வாங்க தம்பி, வாங்க! ரோஷன், டீ குடுத்தியா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார். தரையில் கிடந்த புடவையைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து எடுத்து, உதறி மடித்து நாற்காலியில் வைத்தார். இவர் போனை நீட்டி, "பாய், ரெண்டு வார்த்த" என்றார். நான் வயிற்று வலி என்று பொய் சொல்லி இவரைத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். மூடி மறைக்கவில்லை. முதலில் இவருக்குக் கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாம்ல! நான் இன்னா ஜோசியக்காரனா?" என்று கத்தினார்.

"சொல்ல வந்தாரு. நீங்கதான் ஹீட்டர்னீங்க" என்றேன்.

இவர் தெருவோரம் யாரோ கொட்டி வைத்திருந்த ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வீடியோவுக்காக இஸ்திரி போட்டது. "நம்மாளுங்க வீடா இருந்தா வாஸ்துக்காரனே வடக்க தெக்கத் திருப்ப வெச்சிருப்பான் குழலி. கேக்க ஆளு இல்லன்னு நானே மேற்கத் திருப்புனேன். அவங்களுக்கு ஒண்ணும் கெடயாதுன்னு நெனச்சிட்டேன். அவங்களுக்கும் இருக்கும்னு தோணவே இல்லயே."

எனக்கு மட்டும் தோன்றியதா? இத்தனை வருஷம் அதே ஊரில், அதே தெருக்களில் இருக்கிறோம். ரம்ஜானுக்குக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறோம். அந்த வீட்டுப் பிரியாணியைத் தூக்கில் வாங்கிக்கொண்டு வந்தவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. செம்மல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். என்ன சண்டை என்று கேட்டான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை பிளம்பர் அம்மாவாசையைக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் இவர் செருப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே போகாமல் நின்றார். நான்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. ரோஷன் பீவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஒடைக்கறதெல்லாம் வேணாம் தம்பி. புது வீடு. எனக்குப் பழகிப்போச்சி. நடந்தா ஒடம்புக்கும் நல்லதுதான்" என்றார்.

"பாய், மன்னிச்சிடுங்கன்னு சொல்லக்கூட எனக்கு மொகம் இல்ல" என்றார் இவர். "இன்னிக்கி நான் பேசல. நீங்க சொல்லுங்க. இந்த வீட்ல ஒங்களுக்கு இன்னா வேணும்?"

பாய் பேச ஆரம்பித்தார். கொஞ்சம் சொல்வார், நிறுத்துவார், இவர் முகத்தைப் பார்ப்பார். எப்படியும் குறுக்கே விழுவார் என்று காத்திருந்தது போல் இருந்தது. இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பீங்கான் எப்படித் திரும்ப வேண்டும் என்று பாய் கையால் காட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "ரோஷன் ஹால்ல வந்து உக்காந்து ரொம்ப நாளாவுது தம்பி. வாசல் தொறந்தா அடுப்பு தெரியுது. யாராச்சும் வந்துட்டா அவ பின்னாடி படியிலதான் உக்காந்திருக்கா. நல்ல காத்து வர்ற ஹாலு. நீங்க ஆசயாக் கட்டினது" என்றார். குறை சொல்லும்போதும் எங்களைப் பாராட்டிவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அம்மாவாசை சூட்கேஸ்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தான். "இதுக்கா அண்ணே இவ்ளோ அவஸ்த? அன்னிக்கே சொல்லியிருந்தா இப்படித் திருப்பிப் போட்டிருப்பனே. ரெண்டு மொழம் பைப்பு கூட ஆவும், அவ்ளோதான்" என்றான். இவர் கடப்பாரையை அவன் கையிலிருந்து வாங்கினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் கடப்பாரை பிடித்து நான் பார்த்ததில்லை. டைல்ஸை அவரே உடைத்தார்.

தரை போட்டு, பீங்கானை வடக்கு தெற்காக வைத்து, சிமென்ட் இறுகும்வரை இரண்டு மூன்று நாள் காத்திருந்தோம். ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவரும் எழும்பியது. எந்த உயரம் வேண்டும் என்று ரோஷன் பீவியை நிற்க வைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை கொத்தனார் கல் வைத்தார்.

கடைசி நாள் பாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இவர் தலையைத் தூக்கவே இல்லை. தண்ணீர் சத்தம் கேட்டது. பாய் வெளியே வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "மெர்சி தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தார். டீக்கு முன் ஒரு பெரிய செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். ரோஷன் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அம்மாவின் போன் அடித்தது. வீடியோவில் உஸைர். "மதி அண்ணன் அங்க இருக்காராம்மா? குடு குடு" என்று ஒரே சத்தம். போன் இவர் கைக்கு வந்தது.

"அண்ணே! அத்தா சொன்னாரு. நீங்களா வந்து பாத்ரூமெல்லாம் செக் பண்ணி, புதுசா மாத்திக் குடுத்தீங்களாமே, ஃப்ரீ சர்வீஸாமே!"

இவர் நிமிர்ந்து பாயைப் பார்த்தார். பாய் போனில் தெரியாதபடி தள்ளி நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"இல்ல தம்பி, அது வந்து..."

"தன்னடக்கம்லாம் வேணாம்ணே. இங்க ஒரு கொழா ஒழுவுனா ஆளு வர்றதுக்கே மாசக்கணக்கா ஆவும். நான் இங்க நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், பாண்டில வீடு கட்டணும்னா..."

"உஸைர்."

"...மதி அண்ணன்தான்னு..."

"உஸைர், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுப்பா." இவர் குரல் உயர்ந்தது. "நான் தப்பா கட்டிட்டேன். பீங்கான மேற்கப் பாத்து வெச்சிட்டேன். ஒங்க அத்தா ஒரு நாளுகூட அதுல உக்காரல. குடி வந்ததுலருந்து பள்ளிவாசலுக்கு நடந்து போயிட்டு வந்தாரு. அதத்தான் இப்ப திருப்பி வெச்சேன்."

பாய் கண்களை மூடிக்கொண்டார்.

போனில் இருந்த முகம் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உஸைரின் உதடு மெல்ல அசைந்தது. "பிளான எனக்குத்தானண்ணே அனுப்புனீங்க?"

"ஆமா தம்பி."

"பாத்தேன். எது எந்தப் பக்கம்னு பாக்கவே இல்ல. நல்லா பெருசா இருக்குதான்னு மட்டும் பாத்தேன்." அவர் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்தார். "தெனம் போன் பண்றேன்ணே. 'இப்ப வசதியா இருக்கும்ல அத்தா'ன்னு நானே சொல்லிப்பேன். 'ம்'பாரு. அத்தாகிட்ட குடுங்க."

இவர் போனை நீட்டினார். பாய் வாங்காமல் கையை ஆட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு வாங்கி, முகத்துக்கு வெகுதூரம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லடா. எல்லாம் சரியாயிடுச்சி. நீ சாப்ட்டியா?"

அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

"உஸைரு, சாப்ட்டியாடா?" என்று பாய் திரும்பவும் கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டோம்.